கடலடியில் துயில்வோர்: யுத்தகால நீர்மூழ்கிகளும் எமது துறைமுகமும்

திருகோணமலை என்றதும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கோணமாமலையின் உச்சியில் எழுந்தருளியிருக்கும் கோணேசப் பெருமானின் திருத்தலம். மற்றையது, உலகத்து மாலுமிகளெல்லாம் வியந்து போற்றும் எமது இயற்கைத் துறைமுகம். தலத்தின் பெருமையைப் பாடி வைத்த முன்னோர் பலர் உளர். துறைமுகத்தின் சரித்திரமோ பெரும்பாலும் பிற நாட்டார் எழுதிய ஏடுகளிலேயே கிடக்கின்றது. அவ்வேடுகளிலும், இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டுச் சென்று திரும்பி வாராத நீர்மூழ்கி மாலுமிகளைப் பற்றிய பக்கங்கள் எம்மவருட் பலர் திருப்பிப் பாராதவை. அவர்களைப் பற்றி இவ்வாண்டு மலரிற் சில சொல்லுதல் பொருத்தமெனக் கருதுகின்றேன்.

“அவர்கள் அந்நியர், அவர்கள் செய்ததும் அந்நியரின் யுத்தம். அவர்களை நாம் ஏன் நினைத்தல் வேண்டும்?” என்று கேட்பாரும் உளர். அது நியாயமான கேள்வியே. வரலாற்றை முதலிற் கூறி, அக்கேள்விக்குரிய விடையைப் பின்னர் ஆராய்வோம்.

துறைமுகமும் யுத்தமும்

மலைகளால் அரண் செய்யப்பட்டு, பெருங் கப்பல்களும் கரையை அணுகி நிற்கத்தக்க ஆழமுடையது எமது உட்குடா. வங்காள விரிகுடாவைக் காவல் செய்ய எண்ணிய அரசுகள் யாவும் இதன்மீது கண் வைத்தன. போர்த்துக்கேயர் 1620-களிற் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். இடையிற் சிறிது காலம் பிரான்சியரும் வந்து போயினர். 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். முதலாம் உலக யுத்தத்தின் பின், 1920-களிலிருந்து, கப்பற்படைக்கு வேண்டிய எண்ணெயைச் சேமித்து வைப்பதற்காகச் சீனன்குடாக் காட்டினுள்ளே ஏறக்குறைய நூறு பெருங் குதங்களை அவர்கள் அமைத்தனர்.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன் பின்னர் வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயர்க்கு எஞ்சியிருந்த தலையாய கடற்படைத் துறைமுகம் இதுவே. அவ்வாண்டு ஏப்ரில் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானந் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. தாக்குதல் வருமென அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கிச் சென்ற ஹெர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டு மூழ்கடித்தனர். அக்கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர். ஊரார் பலர் பிள்ளை குட்டிகளோடு உட்கிராமங்களுக்கு ஓடினர்.

இதன் பின்னர் ஆங்கிலேயரின் கீழைத்தேயக் கப்பற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கிலிந்தினித் துறைமுகத்துக்கு ஒதுங்கிற்று. பெருங் கப்பல்கள் ஒதுங்கிய அக்காலத்தில், இலங்கையிலிருந்து எதிரியின் கடலுக்குள் நுழைந்து வரத் துணிந்தவை நீர்மூழ்கிகளே. தொடக்கத்தில் அவை மிகச் சிலவாக இருந்தன. அவற்றுள்ளும் பல, தம் நாட்டை ஜேர்மனியரிடம் இழந்துவிட்ட ஒல்லாந்தருடையவை. 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைந்ததும், மத்தியதரைக் கடலில் நின்ற நீர்மூழ்கிகள் பல கிழக்கே அனுப்பப்பட்டன. அடமண்ட், மெயிட்ஸ்ரன், வூல்ஃப் ஆகிய தாய்க்கப்பல்கள் எமது துறைமுகத்திற் பணிபுரிந்தன. பட்டறையும் பண்டசாலையும் மாலுமிகளுக்கு இளைப்பாறும் இடமும் அத்தாய்க்கப்பல்களே. குஞ்சுகள் தாய்க்கோழியை அண்டி நிற்பது போல நீர்மூழ்கிகள் அவற்றை அண்டி நின்றன.

நீர்மூழ்கியினுள் வாழ்க்கை

இக்காலத்து அணுசக்தி நீர்மூழ்கிகள் மாதக்கணக்கில் நீருக்கடியிலேயே இருக்கவல்லன. அக்காலத்து நீர்மூழ்கி அத்தகையதன்று. வேண்டும்போது அமிழ்ந்து ஒளிந்துகொள்ளும் ஒரு கப்பலே அது. நீரின் மேல் ஓடும்போது டீசல் இயந்திரம் அதனைச் செலுத்தும். அமிழ்ந்த பின்னர் அவ்வியந்திரத்தை இயக்கக் காற்றில்லை. ஆதலால், மின்கலங்களிற் சேமித்து வைத்த மின்சாரத்தைக் கொண்டே ஓடுதல் வேண்டும். மின்கலம் தேய்ந்துவிட்டால் மேலே வந்து, மீண்டும் டீசலை ஓட்டி, மின்னேற்றுதல் வேண்டும். எனவே எதிரியின் கரையோரத்தில் பகல் முழுவதும் அமிழ்ந்து கிடந்து, இரவிலேயே மேலே வருவர். அவர்களுக்கு இரவே பகல். நாம் இராப்போசனம் உண்ணும் வேளையிலேயே அவர்களின் நாள் தொடங்கும்.

ஆங்கிலேயரின் ‘ரி’ வகை நீர்மூழ்கி ஏறக்குறைய 84 மீற்றர் நீளமுடையது. அதில் அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ‘எஸ்’ வகை அதனிலுஞ் சிறியது. அதில் ஏறக்குறைய ஐம்பது பேர். நீளத்தைக் கேட்டு விசாலமான இடமென்று எண்ணிவிடலாகாது. இயந்திரங்களும் மின்கலங்களும் டொர்பிடோக்களும் பெரும்பகுதியை அடைத்துக் கொள்ள, எஞ்சிய சந்துகளிலேயே மனிதர் உண்டு உறங்கினர். எமது கடலின் வெப்பத்தில் நாள் முழுவதும் மூடிய இரும்புக் குழாயினுள் இருப்பதென்றால் எத்தகைய வேதனை என்பதைத் திருகோணமலையார்க்கு விளக்க வேண்டியதில்லை. வேர்க்குரு உடலெங்கும் புண்ணாகும். நன்னீர் அளந்தே கிடைக்கும், குளிப்பென்பது இல்லை. மாலையாகுமுன் காற்றுக் கெட்டு மூச்சு முட்டும். கடல்நீர் மின்கலத்திற் புகுந்தாலோ நச்சு வாயு எழும். இவ்வாறு இரண்டு மூன்று வாரங்கள் கழியும். அம்மாலுமிகளுட் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய வாலிபர். எமது சங்கத்து அங்கத்தவர்களின் வயதினர்.

மலாக்கா நீரிணையில்

திருகோணமலையிலிருந்து பினாங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல் தொலைவில் உள்ளது. அங்கே ஜப்பானியரும் ஜேர்மனியரும் தம் நீர்மூழ்கிகளுக்குத் தளம் அமைத்திருந்தனர். பர்மாவிலிருந்த ஜப்பானியச் சேனைக்குச் சிங்கப்பூரிலிருந்து சென்ற படைகளும் பண்டங்களும் மலாக்கா நீரிணை வழியாகவே கடலிற் சென்றன. அவ்வழியை அடைப்பதே திருகோணமலை நீர்மூழ்கிகளின் தலையாய வேலை. அந்நீரிணை ஆழமற்றது. பகைவரின் நீரடிக் குண்டுகளுக்குத் தப்பி ஆழத்துக்கு ஓடி ஒளிய அங்கு இடமில்லை.

1943 நவம்பர் 13ஆம் திகதி, இலங்கையைத் தளமாகக் கொண்ட ரோறஸ் என்னும் நீர்மூழ்கி, ஐ-34 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியைப் பினாங்குக்கு அண்மையில் மூழ்கடித்தது. ஆங்கிலேய நீர்மூழ்கியொன்றினால் மூழ்கடிக்கப்பட்ட முதலாவது ஜப்பானிய நீர்மூழ்கி அதுவே. 1944 யனவரி 11ஆம் திகதி, பெனிங்டன் என்பார் தலைமையிற் சென்ற ராலி-ஹோ, குமா என்னும் ஜப்பானியக் குரூசர்க் கப்பலை அதே கடலில் வீழ்த்தியது. மறுமாதம் 24ஆம் திகதி இரவு ராலி-ஹோவே மரணத்தின் வாயிலிற் போய் நின்றது. ஜப்பானியச் சிறு போர்க்கப்பலொன்று எதிரே வந்து உராய்ந்து செல்ல, அதன் சுழல்விசிறி ராலி-ஹோவின் இடப்பக்கத்து நீர்த் தொட்டிகளைக் கிழித்தெறிந்தது. நேரே நிற்க இயலாது ஒருபுறஞ் சாய்ந்த நிலையிலேயே அது வங்காள விரிகுடாவைக் கடந்து எமது துறைமுகத்தை வந்தடைந்தது.

மூழ்கடித்தல் மட்டுமே அவர்களின் வேலையாயிருக்கவில்லை. ஜப்பானியரை எதிர்த்து மலாயாக் காட்டில் மறைந்து போராடியவர்களுக்கு ஆட்களையும் செய்திகளையும் நீர்மூழ்கிகளே கொண்டு சென்றன. 1943 மேயில் ஜோன் டேவிஸ் என்பாரையும் அவருடன் சென்ற சீனத் தோழர்களையும் கொழும்பிலிருந்து ஏற்றிச் சென்று மலாயாக் கரையில் இறக்கியது ஓ-24 என்னும் ஒல்லாந்த நீர்மூழ்கி. 1944 ஏப்ரிலில் திருகோணமலையிலிருந்து சென்ற கப்பற்படையும் விமானங்களும் சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறையைத் தாக்கியபோது, கடலில் வீழ்ந்த அமெரிக்க விமானி ஒருவரைக் கரைப் பீரங்கிகளின் சூட்டுக்கு நடுவே ரக்ரிசியன் என்னும் நீர்மூழ்கி மேலே வந்து தூக்கிக் காப்பாற்றியது. ஓர் உயிருக்காக ஒரு கப்பலின் உயிர்கள் அனைத்தையும் பணயம் வைத்த செயல் அது.

திரும்பி வாராதவர்கள்

1944 பெப்ரவரி 25ஆம் திகதி, ஸ்ரோன்ஹெஞ்ச் என்னும் ‘எஸ்’ வகை நீர்மூழ்கி திருகோணமலைத் துறையை விட்டுச் சுமாத்திராவுக்கும் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலை நோக்கிச் சென்றது. மார்ச் 20ஆம் திகதி திரும்பியிருத்தல் வேண்டும், திரும்பவில்லை. கண்ணிவெடியா, விபத்தா, பகைவரின் குண்டா என்பது எவர்க்குந் தெரியாது. அதிலிருந்தவர்களுள் ஒருவர்தாமும் உயிருடன் மீளவில்லை.

அவ்வாண்டு நவம்பரிற் சென்ற ஸ்ரற்ரஜெம் என்பதன் முடிவு தெரியும். நவம்பர் 22ஆம் திகதி மலாக்கா நகருக்கு அண்மையில், ஜப்பானிய நீர்மூழ்கி வேட்டைக் கப்பலொன்றின் குண்டுகள் அதனைக் கடலடியில் வீழ்த்தின. விளக்குகள் அணைந்தன, வெள்ளம் புகுந்தது. முன்னறையில் அகப்பட்ட சிலர், அறை நீரால் நிரம்புமட்டும் பொறுத்திருந்து, மேற்கதவைத் திறந்துகொண்டு நீரின் மேல் எழுந்தனர். அவ்வாறு வெளியேறியவர் பத்துப் பேர். பகைவர் தூக்கியெடுத்தது எட்டுப் பேரை. சிறைவாசத்தின் பின், யுத்த முடிவில் உயிரோடிருந்தவர் மூவரே.

1945 யனவரியில் போர்ப்பொய்ஸ் என்னும் நீர்மூழ்கி திருகோணமலையிலிருந்து சென்று 9ஆம் திகதி பினாங்குக் கடலிற் கண்ணிவெடிகளை விதைத்தது. அதன் பின்னர் அதனிடமிருந்து செய்தி வரவில்லை. ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு இரையானதென நம்பப்படுகின்றது. அந்த யுத்தத்திற் பகைவரின் கையால் அழிந்த ஆங்கிலேய நீர்மூழ்கிகளுட் கடைசியானது அதுவே.

போரில் மடிந்த ஏனையோர்க்கு ஓரிடத்தில் ஒரு குழியாவது கிடைக்கும். உப்புவெளியில், நிலாவெளி வீதியோரத்தில், பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு பேணிவரும் மயானத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வரிசை வரிசையாய்த் துயில்கின்றனர். ஆனால் ஸ்ரோன்ஹெஞ்சோடு போனவர்களை அங்கே தேடினாற் காணமுடியாது. கடலில் மறைந்த கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் போட்ஸ்மத், பிளிமத், சத்தம் ஆகிய துறைமுகங்களிலுள்ள நினைவுத் தூண்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் கடைசியாகக் கண்ட கரை எமது கரை. அவர்களின் பெயரோ எமது கரையில் இல்லை.

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மட்டுங் கூறுவது சரித்திரமாகாது. எதிரியின் நீர்மூழ்கிகளிலும் தாய் பெற்ற பிள்ளைகளே இருந்தனர். ஆங்கிலேயர் அந்த யுத்தத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளையும் ஏறக்குறைய மூவாயிரம் மாலுமிகளையும் இழந்தனர். அமெரிக்கர் இழந்தவை 52 நீர்மூழ்கிகள். ஜப்பானியர்க்கோ நூற்றுக்கும் மேற்பட்டவை அழிந்தன. ஜேர்மனிய நீர்மூழ்கிகளிற் சென்ற ஏறக்குறைய 40,000 பேருள் நான்கில் மூவர் திரும்பவில்லை. அக்காலத்துப் படைப்பிரிவுகளுள் இதனிலுங் கூடிய விகிதத்தில் மடிந்த பிரிவு வேறு காண்பதரிது.

1944 செப்டெம்பர் 23ஆம் திகதி, திருகோணமலையைச் சேர்ந்த டிரெஞ்சண்ட் என்னும் நீர்மூழ்கி, மாதக்கணக்காகப் பயணஞ் செய்து பினாங்கை எட்டும் தருவாயிலிருந்த யு-859 என்னும் ஜேர்மனிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. 47 பேர் இறந்தனர். எதிரியின் தளத்துக்கு அருகே நீரின் மேல் நிற்பது தற்கொலைக்கு ஒப்பானது. அவ்வாறிருந்தும் டிரெஞ்சண்ட் நின்று, நீந்திக் கொண்டிருந்தோருள் பதினொருவரைத் தூக்கியெடுத்தது. ஒரு கணத்துக்கு முன்னர் கொன்ற கை, மறுகணத்திற் காத்தது.

நிற்க. எல்லாம் அவ்வாறு நிகழவில்லை. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, ஆபிரிக்காவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பலை மாலைதீவுக்கு அண்மையில் ஐ-27 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களுக்குள் அக்கப்பல் அமிழ்ந்தது. கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினரும் தாதியரும் உட்பட 1,297 பேர் மாண்டனர். தாக்கிய நீர்மூழ்கியோ, நீரில் தத்தளித்தவர்களுக்கு நேர் கீழே ஒளிந்துகொண்டது. அதனை அழிக்கவென்று, காவலுக்கு வந்த நாசகாரிக் கப்பல்கள் தம்மவர் நீந்திக்கொண்டிருந்த அவ்விடத்திலேயே நீரடிக் குண்டுகளைப் போட்டன. அம்முடிவைச் செய்தவர்களின் நெஞ்சம் எவ்வாறு இருந்திருக்குமென எம்மால் அளவிட இயலாது.

இதனினும் பெருந் துன்பம் திருகோணமலை நீர்மூழ்கியொன்றின் கையாலேயே நிகழ்ந்தது. 1944 செப்டெம்பர் 18ஆம் திகதி, சுமாத்திராவின் மேற்குக் கரையோரமாகச் சென்ற ஜுன்யோ மாரு என்னும் ஜப்பானியக் கப்பலை ட்ரேட்விண்ட் தாக்கி மூழ்கடித்தது. பெரிஸ்கோப்பு என்னும் பார்வைக் குழாயினூடு பார்த்த தலைவருக்கு அது ஒரு பகைக் கப்பல், அவ்வளவே. அதன் வயிற்றினுள் அடைபட்டிருந்தவர்களோ 2,300 அளவிலான யுத்தக் கைதிகளும், கட்டாய வேலைக்கெனப் பிடித்துச் செல்லப்பட்ட 4,200 அளவிலான யாவாத் தீவின் ஏழைத் தொழிலாளருமாவர். 5,600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பிய கைதிகளைச் சுமாத்திராக் காட்டில் இருப்புப்பாதை போடும் வேலைக்கே ஜப்பானியர் மறுபடியும் அனுப்பினர்.

‘ரோமுஷா’ என்று ஜப்பானியர் அழைத்த அத்தொழிலாளரின் கதை தமிழர்க்குப் புறத்தியார் கதையன்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுள் எண்ணற்ற தமிழர் இருந்தனர். அப்பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் அளவினர் என மதிப்பிடுவர். அங்கு இறந்த வெள்ளையர் பெரும்பாலார்க்குக் கல்லறையும் பெயரும் உண்டு. எம்மவர்க்கோ பெயர்ப் பட்டியல்தானும் இல்லை. இலங்கைத் தமிழர் குடும்பங்களிலும், மலாயாவில் உத்தியோகம் பார்த்த தந்தையர், தமையன்மாரிடமிருந்து மூன்றரை ஆண்டுகள் கடிதமொன்றும் வாராமற் கலங்கிய வீடுகள் பல. அவ்வீடுகளுக்கும் அவ்வுறவினர்க்கும் இடையிற் கிடந்த கடலிலேதான் இந்நீர்மூழ்கிகள் திரிந்தன.

யாருடைய யுத்தம்?

இனி, முதலிற் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். அந்த யுத்தத்தை நாம் கேட்கவில்லை. எமது துறைமுகத்தை எம்மிடங் கேட்டுத் தளமாக்கவுமில்லை. 1957-இல் அத்தளம் இலங்கை அரசினரிடம் ஒப்படைக்கப்பட்டபோது மகிழாதவர் சிலரே. அவ்வாறாயின் அவர்களை நாம் ஏன் நினைத்தல் வேண்டும்?

இக்கேள்வி இந்நாட்டு வாலிபர்க்குப் புதியதன்று. முதலாம் உலக யுத்தம் முடிந்த நாளாகிய நவம்பர் 11ஆம் திகதியில் இங்கும் பொப்பி மலர் விற்கப்பட்டு வந்தது. மிசன் பாடசாலைகளிற் பயின்ற எம்மனோர்க்கு அம்மலரின் கதை நன்கு தெரியும். அதனாற் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குச் சென்றது. இந்நாட்டுப் பழைய போர்வீரர்க்குக் கிடைத்தது சிறு பங்கே. அதனைச் சகியாதோர் 1930-களிற் பொப்பிக்குப் பதிலாகப் பூவரசம்பூவை விற்றனர். சிங்களத்தில் அதனைச் ‘சூரிய மல்’ என்பர். வாலிபர் கழகங்கள் அதனைத் தம் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தன. 1934–35-இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது அவ்வியக்கத்தாரே கிராமங்களுக்குச் சென்று தொண்டு புரிந்தனர்.

அவ்வியக்கத்தார் மறுத்தது எதனை என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இறந்தோரை நினைத்தலை அவர்கள் மறுக்கவில்லை. ஒரு சாராரின் சாவை மட்டும் உயர்த்தி, மறுசாராரின் சாவை மறைத்து, அந்நினைவைக் கொண்டு அடுத்த யுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதையே மறுத்தனர். அவர்கள் கற்பித்த பாடத்தை நாம் ஏற்போமாயின், செய்யத்தக்கது ஸ்ரோன்ஹெஞ்சின் மாலுமிகளை மறப்பதன்று; அவர்களோடு ஐ-34-இன் மாலுமிகளையும், ஜுன்யோ மாருவின் யாவாத் தொழிலாளரையும், கெடிவ் இஸ்மாயிலின் ஆபிரிக்கப் படையினரையும், பெயரற்ற எமது தோட்டத் தொழிலாளரையும் ஒருங்கே நினைப்பது. யுத்தத்தை வகுத்தவர்கள் மாளிகைகளில் இருந்தனர். இரும்புக் குழாயினுள் மூச்சு முட்டியவர்கள் அவர்களல்லர்.

இன்னுமொரு காரணமும் உண்டு. உடலைக் காணாத துக்கம் எத்தகையது என்பது இம்மாவட்டத்தார்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை எத்தனையோ பேரைக் கொண்டு போயிற்று. அவர்களுட் சிலரின் உடலும் கிடைக்கவில்லை. 2009-இல் முடிவுற்ற எமது நாட்டு யுத்தத்திலும், போனவர் போன இடந் தெரியாது படத்துக்கு விளக்கேற்றி வைத்திருக்கும் வீடுகள், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி, இங்கே உள. “வருவான்” என்றும் சொல்ல முடியாது, “இறந்தான்” என்றும் சொல்ல முடியாது தவிக்கும் தாயின் நிலை, 1944 மார்ச்சில் ‘உரிய நாளில் திரும்பவில்லை’ என்ற தந்தியைப் பெற்ற ஆங்கிலத் தாயின் நிலையினின்றும் வேறானதன்று. தன் துயரைக் கொண்டு பிறர் துயரை அறிபவனே நாகரிகமுடையவன்.

ஒரு மரத்தின் கதை

இவ்வறிவு பகைவர்க்கிடையிலும் தோன்றக் கூடும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காட்டலாம். 1941 டிசெம்பர் 25ஆம் திகதி, நத்தார் தினத்தன்று, போர்ணியோத் தீவுக்கு அப்பால் கே-16 என்னும் ஒல்லாந்த நீர்மூழ்கியை ஜப்பானிய நீர்மூழ்கியொன்று மூழ்கடித்தது. அதிலிருந்த 36 பேரும் இறந்தனர். ஐ-166 எனப் பின்னர் பெயர் பெற்ற அந்த ஜப்பானிய நீர்மூழ்கியை, 1944 யூலை 17ஆம் திகதி மலாக்கா நீரிணையில், பில் கிங் என்பார் தலைமையில் திருகோணமலையிலிருந்து சென்ற ரெலமாக்கஸ் என்னும் நீர்மூழ்கி மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் ஒருவர் அதன் தலைமைப் பொறியியலாளர்.

ஆண்டுகள் அறுபது கழிந்தன. பில் கிங் பின்னாளிற் பாய்ப்படகிலே தனியொருவராய் உலகைச் சுற்றி வந்து, அயர்லாந்தில் முதுமையைக் கழித்துக் கொண்டிருந்தார். அந்த ஜப்பானியப் பொறியியலாளரின் மகன், தம் தந்தையைக் கொன்ற நீர்மூழ்கியின் தலைவர் உயிருடன் இருப்பதை அறிந்து, அவரைத் தேடிச் சென்றார். பழி கேட்கச் செல்லவில்லை. தந்தையின் கடைசி வேளையை அறியவே சென்றார். கே-16-இல் இறந்த ஒல்லாந்த மாலுமி ஒருவரின் மகளும் அங்கு வந்தார். 2004-இல் அம்மூவரும் கூடி, கிங்கின் வீட்டு நிலத்தில் ஒரு மரத்தை நட்டனர். ஒருவரின் தந்தையோடு மூழ்கிய நீர்மூழ்கி மற்றவரின் தந்தையைக் கொன்றது. அந்நீர்மூழ்கியை மூழ்கடித்தவர் மூன்றாமவர். மூவரின் கையும் ஒரே மரத்துக்கு மண் அள்ளிப் போட்டது. பில் கிங் 2012-இல், நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

அச்சங்கிலியின் ஒரு கண்ணி எமது துறைமுகம். ஆதலால் அம்மரத்தின் நிழலில் எமக்கும் ஓர் இடமுண்டு என்று கொள்வது தவறாகாது.

எமது கடமை

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்த மரபு தமிழருடையது. அக்கல்லை நடுகல் என்றனர். உடல் கிடக்கும் இடத்தை மட்டுமன்றி, அவன் செயலையும் நினைவிலிருத்துவதே அதன் நோக்கம். அம்மரபில் வந்த வாலிபர் செய்யத்தக்கவை சில உள. திருகோணமலையிலிருந்து சென்று மீளாத நீர்மூழ்கிகளின் பெயரும் நாளும் தமிழில் எழுதப்பட்டு எமது நூலகமொன்றில் இடம்பெறுதல் வேண்டும். அதே ஏட்டில், அவற்றால் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் பெயரும், அவற்றில் இருந்தவர்களின் தொகையும் எழுதப்படுதல் வேண்டும். அக்காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். தம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றை அவர்களிடமிருந்து இப்பொழுதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இன்னும் பத்தாண்டு கழிந்தால் கேட்பதற்கு ஆளிரார். பெரியோர்கள் இவ்விடயத்தில் வாலிபர்க்கு வழிகாட்டுவார்களாக.

ஆடி அமாவாசையன்று இக்கடலில் மூழ்கிப் பிதிரர்க்கு எள்ளும் நீரும் இறைப்பது எமது வழக்கம். தாயும் தந்தையும் சுற்றமும் நட்பும் அற்று, நீரிறைக்க ஒருவருமில்லாது போனவர்களுக்கும் ஒரு கை நீர் விடவேண்டுமென்பது தர்ப்பண விதியிலேயே உண்டு. எந்தக் குலம், எந்தத் தேசம், எந்தச் சமயம் என்று அவ்விதி கேட்பதில்லை. இக்கடலடியில் துயில்வோருள் ஆங்கிலேயரும் உளர், ஒல்லாந்தரும் ஜப்பானியரும் ஜேர்மனியரும் உளர், ஆபிரிக்கரும் யாவாத் தீவினரும் உளர், எம்மவரும் உளர். எதிர்வரும் ஆடி அமாவாசையில் எமது முன்னோர்க்கு நீரிறைத்த பின்னர், அவர்கள் அனைவர்க்குமாக இன்னும் ஒரு கை நீர் இறைப்போமாக.